நகத்தில் கண்டதை எழுதுவது எப்படி: பரிசோதனை முதல் ஐசிடி குறியீடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தடித்து, மஞ்சளித்து, நுனியில் பொடிப்பொடியாக உதிரும் ஒரு கால்நகத்தைப் பார்த்ததும் "பூஞ்சை" என்று எழுதி மாத்திரைச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பது எளிது. நகக் கோளாறுகளில் ஏறக்குறைய பாதி பூஞ்சைத் தொற்றுதான் என்பதால் அந்த ஊகம் பல நேரம் பலித்தும் விடுகிறது. மீதிப் பாதியில்தான் வினை. சொரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல்நோய், காலணியின் ஓயாத உராய்வு, தோலையும் வாயையும் நகத்தையும் தாக்கும் லைக்கன் பிளேனஸ் என்ற அழற்சி, முதுமை, அரிதாக ஒரு கட்டி என்று எதுவும் அந்த மஞ்சளுக்குப் பின்னால் இருக்கலாம். நோயாளி மூன்று மாதம் டெர்பினாஃபின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரையை விழுங்கிய பிறகும் நகம் அப்படியே இருக்கும். கோப்பில் ஏறிவிட்ட பி 35.1 என்ற குறியீடோ (ஐசிடி எனப்படும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் நகப் பூஞ்சைக்கான எண்) அடுத்துப் பார்க்கும் மருத்துவரையும் அதே திசையில் தள்ளும்.

பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களையும், அவர்கள் எழுதியதை வைத்துக் குறியீடு போடும் மருத்துவப் பதிவாளர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். முதலில் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும், தேவையானால் சோதிக்க வேண்டும். நோயின் பெயர் அதன் பிறகு. குறியீடு எல்லாவற்றுக்கும் கடைசியில். இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் தவறுகள் நுழைகின்றன.

இருபது நகங்களும்

நோயாளி ஒரு விரலைத்தான் நீட்டுவார். நீங்கள் இருபது நகங்களையும் கேளுங்கள். காலுறையைக் கழற்றச் சொல்லுங்கள், நகப்பூச்சை அங்கேயே அழியுங்கள். அதற்கான திரவம் ஒரு புட்டி பரிசோதனை மேசையில் எப்போதும் இருக்கட்டும். விரல்களை மேசைமீது அழுத்தி ஊன்றச் சொல்லக்கூடாது. ஊன்றினால் நகத்தடியில் ரத்த ஓட்டம் மாறி, நிறமும் மாறிவிடும். தளர்வாக வைத்துப் பார்த்த பிறகு, நீங்களே நக நுனியை மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போது மறைகிற வெண்மை நகத்துக்கு அடியிலுள்ள தோலான நகப் படுக்கையில் இருக்கிறது; மறையாத வெண்மை நகத் தட்டு எனப்படும் கடினமான நகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நொடி வேலைதான், ஆனால் பாதி வெண்நகங்களின் புதிர் இதிலேயே அவிழ்ந்துவிடும்.

எத்தனை நகங்கள் என்பது பெரிய தடயம். ஒரே ஒரு நகம் என்றால் அடிபட்டதா, கட்டியா, உள்ளூர்த் தொற்றா என்று யோசியுங்கள். இருபதும் சேர்ந்து கெட்டிருந்தால் பூஞ்சை என்று சொல்லத் தயங்குங்கள். பூஞ்சை அத்தனை நகங்களையும் ஒன்றுபோல் பிடிப்பது அரிது. கால்நகங்கள் சுத்தமாக இருக்கக் கைநகங்கள் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தாலும் அதே தயக்கம் நல்லது. இரண்டு பாதங்களிலும் ஒரு கையிலும் மட்டும் தோல் உரிந்து, நகங்களும் கெட்டிருந்தால் பூஞ்சைக்கான சந்தேகம் நேர்மாறாக வலுக்கும். நகத்தோடு நிறுத்தாமல் முழங்கை, முழங்கால், உச்சந்தலை, வாயின் உட்புறம், கால்விரல் இடுக்குகள் ஆகியவற்றையும் பாருங்கள். நகம் சொல்லாததைத் தோல் சொல்லிவிடும்.

எந்தப் பகுதியின் வேலை?

நகத் தட்டை உருவாக்குவது மேட்ரிக்ஸ் எனப்படும் நக வேர். அதன் முன்விளிம்புதான் கட்டைவிரலில் வெள்ளைப் பிறையாகத் தெரிகிறது. வேரின் பின்பகுதி தட்டின் மேலடுக்கையும், முன்பகுதி கீழடுக்கையும் உருவாக்குகின்றன. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் பல குறிகள் தாமாகப் பொருள் தரும். மேற்பரப்பில் குண்டூசித் தலையளவு குழிகள், குறுக்குப் பள்ளங்கள், சொரசொரப்பு ஆகியவை வேரின் பின்பகுதி பாதிக்கப்பட்டதைக் காட்டுகின்றன. நீளவாக்கில் ஓடும் பழுப்புப் பட்டை பெரும்பாலும் முன்பகுதியிலிருந்து கிளம்புகிறது. தட்டு படுக்கையை விட்டுப் பிரிவது, எண்ணெய்த் துளி போன்ற செம்மஞ்சள் திட்டு, சிலாம்பு போன்ற ரத்தக் கீற்று, தட்டுக்கு அடியில் சேரும் செதில் ஆகியவை படுக்கையின் கோளாறுகள். வீக்கம், சீழ், மேல்தோல் விளிம்பு மறைந்துபோவது ஆகியவை நகத்தைச் சுற்றியுள்ள தோலான நக மடிப்பைச் சேர்ந்தவை.

வளர்ச்சி வேகத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ., கால்நகம் சுமார் 1 மி.மீ. வளரும். கைநகம் முழுவதும் புதிதாக வளர ஏறக்குறைய 6 மாதமும், கால் பெருவிரல் நகத்துக்கு 12 முதல் 18 மாதமும் ஆகும். "மருந்து போட்டு இரண்டு மாதமாகிறது, நகம் மாறவில்லையே" என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கே பதில்.

நோயாளியிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. எப்போது தொடங்கியது, எந்த நகத்தில் முதலில், கை எந்நேரமும் நீரில் நனையும் வேலையா, அண்மையில் கடும் காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ உண்டா, என்னென்ன மருந்துகள், குறிப்பாகப் புற்றுநோய் மருந்துகள் ஏதும் உண்டா, நகத்தைக் கடிக்கும் பழக்கம் உண்டா, வீட்டில் யாருக்காவது சொரியாசிஸ் உண்டா. இவை போதும்.

தடித்த மஞ்சள் நகம்

அதிகம் வருவதும் அதிகம் பிழைபடுவதும் இதுதான். ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கலாம். பூஞ்சை பெரும்பாலும் நுனியிலோ ஓரத்திலோ நுழைந்து பின்னோக்கி நகர்கிறது. டெர்மோஸ்கோப் என்ற ஒளியுடன் கூடிய உருப்பெருக்கியில் பார்த்தால் பிரிந்த பகுதியின் எல்லை நேர்கோடாக இருக்காது. கூரிய முனைகள் வேரை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அடிபட்டுப் பிரிந்த நகத்தில் அந்த எல்லை வழவழப்பான கோடாக இருக்கும். சொரியாசிஸில் பிரிவின் ஓரத்தில் சிவந்த விளிம்பு தெரியும், குழிகளும் எண்ணெய்த் துளியும் கூட இருக்கலாம். லைக்கன் பிளேனஸ் தடிக்க வைப்பதைவிட மெலிய வைக்கிறது. நீளவாக்கில் வரிவரியாகப் பிளந்து, கடைசியில் நக மடிப்பே சிறகாக வளர்ந்து தட்டை இரண்டாகப் பிரித்துவிடும். அந்தச் சிறகு நிரந்தரத் தழும்பு. ஆகவே லைக்கன் பிளேனஸ் என்ற சந்தேகம் வந்தால் காத்திருக்கக் கூடாது. பூஞ்சை வேருக்கு அருகிலிருந்தே வெண்மையாகத் தொடங்கியிருந்தால் நோய் எதிர்ப்பாற்றல் குறைவை, குறிப்பாக எச்.ஐ.வி.யை, நினைவில் கொள்ளுங்கள்.

சொரியாசிஸும் பூஞ்சையும் ஒரே நகத்தில் சேர்ந்தும் இருக்கலாம். ஒன்றைக் கண்டுபிடித்ததால் மற்றொன்று விலகிவிடாது.

மாத்திரை தொடங்குமுன் சோதனை வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுத்தலே இல்லை. அதிலும் மாதிரி எடுக்கும் முறைதான் முடிவைத் தீர்மானிக்கிறது. நகத்தை ஆல்கஹால் தடவித் துடையுங்கள். பிரிந்து நிற்கும் நுனிப் பகுதியை வெட்டி ஒதுக்குங்கள். அங்கே செத்த பூஞ்சையும் வெளி அழுக்கும்தான் அதிகம். பிறகு, நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் எல்லைக்கு எவ்வளவு அருகில் போக முடியுமோ அவ்வளவு போய், தட்டின் அடியில் இருக்கும் செதிலைச் சுரண்டி எடுங்கள். மேற்பரப்பில் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்மை இருந்தால் மேற்பரப்பையே சுரண்டினால் போதும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நுண்ணோக்கிப் பார்வை அன்றே முடிவு தரும், ஆனால் எந்த இனம் என்று சொல்லாது. வளர்ப்புச் சோதனை இனத்தைச் சொல்லும். 4 வாரம் வரை ஆகலாம், போலி எதிர்மறையும், அதாவது பூஞ்சை இருந்தும் இல்லை என்று வருவதும், அதிகம். வெட்டிய நகத்துண்டை, பூஞ்சையை நிறமேற்றிக் காட்டும் பிஏஎஸ் சாயமிட்டுத் திசுச் சோதனைக்கு அனுப்புவது இம்மூன்றில் அதிக நுட்பமானது. பூஞ்சை எதிர்ப்பு மருந்தை ஏற்கெனவே பயன்படுத்தி வருபவரின் எதிர்மறை முடிவை முழுதாக நம்ப வேண்டாம். அவர் என்ன மருந்தை, எப்போது வரை பயன்படுத்தினார் என்பதைக் கோரிக்கைச் சீட்டிலேயே எழுதுங்கள்.

கறுப்புப் பட்டை

நகத்தில் நீளவாக்கில் ஓடும் பழுப்பு அல்லது கறுப்புப் பட்டை கருநிறத் தோல் உள்ளவர்களுக்குப் பல விரல்களில் இயல்பாகவே இருக்கும். அந்த இயல்பே ஆபத்தையும் மறைக்கிறது. ஒரே ஒரு விரலில், நடுவயதுக்குப் பிறகு, புதிதாகத் தோன்றிய பட்டை என்றால் மெலனோமா என்ற நிறமிச் செல் புற்றுநோயின் சந்தேகத்தோடு அணுகுங்கள். பட்டை 3 மி.மீ.க்கு மேல் அகலமா, உள்ளே நிறம் சீராக இல்லையா, விளிம்பு மங்கலா, கட்டைவிரலா அல்லது கால் பெருவிரலா, சில மாதங்களில் அகன்றிருக்கிறதா என்று பாருங்கள். வேர்ப்பக்கம் அகலமாகவும் நுனிப்பக்கம் குறுகலாகவும் முக்கோண வடிவில் இருந்தால் பட்டை வேகமாக அகன்றுவருகிறது என்று பொருள்: நுனியில் இருப்பது பழைய அகலம், வேரில் இருப்பது இன்றைய அகலம்.

நிறம் நகத்தைத் தாண்டி மடிப்பின் தோலிலும் படர்ந்திருந்தால் அதற்கு ஹட்சின்சன் அறிகுறி என்று பெயர். ஆனால் மெல்லிய மேல்தோல் விளிம்பின் வழியே அடியிலிருக்கும் நிறம் ஊடுருவித் தெரிவதும் உண்டு. அது போலி அறிகுறி. இரண்டையும் பிரிக்க டெர்மோஸ்கோப் உதவும்.

"எங்கோ இடித்துக்கொண்டேன்" என்று நோயாளி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உறைந்த ரத்தம் செந்நீல உருண்டைகளாகத் தெரியும். நகம் வளர வளர முன்னோக்கி நகரும், பின்னால் தெளிந்த நகம் முளைக்கும். படம் எடுத்து, கறையின் பின்விளிம்புக்கும் மடிப்புக்கும் உள்ள தூரத்தை மி.மீ.யில் எழுதி வையுங்கள். கைநகமானால் ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது அந்தத் தூரம் சுமார் 3 மி.மீ. கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றாலோ, ரத்தத்தோடு பட்டையும் தெரிகிறது என்றாலோ பயாப்சிக்கு, அதாவது திசுத்துண்டு எடுத்துச் சோதிக்க, அனுப்புங்கள். கட்டியும் கசியும் என்பதால் ரத்தம் இருப்பது மெலனோமாவை விலக்கிவிடாது.

பயாப்சி பட்டை தொடங்கும் வேரிலிருந்து எடுக்கப்பட வேண்டும். நகத் தட்டை மட்டும் கிள்ளி அனுப்பினால் நிறமி எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியும், அதிலிருந்து வேரின் எந்தப் பகுதி என்று ஊகிக்கலாம். புற்றா இல்லையா என்பதற்கு அது விடையாகாது. திசுத்துண்டோடு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று ஒரு சிறு படம் வரைந்து அனுப்பினால் நோயியல் நிபுணர் உங்களை வாழ்த்துவார்.

உடல்நோயைச் சொல்லும் நகங்கள்

எல்லா நகங்களிலும் ஒரே உயரத்தில் குறுக்குப் பள்ளம் ஓடினால் அது போவின் கோடு. 1846இல் பிரெஞ்சு மருத்துவர் போ விவரித்தது. மடிப்பிலிருந்து 6 மி.மீ. தொலைவில் இருந்தால், ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முன் உடலுக்குப் பெரிய தாக்குதல் நேர்ந்திருக்கிறது. மடிப்புக்குள் மறைந்திருக்கும் வேரின் நீளத்தையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் சற்று முன்னால் போகும். குழந்தைகளுக்குக் கை, கால், வாய் நோய் வந்துபோய் ஓரிரு மாதத்தில் நகங்கள் அடியோடு கழன்று விழுவதும் இதே வழிமுறைதான். பெற்றோர் பதறுவார்கள், நகம் திரும்ப வளரும்.

இணையாக ஓடும் வெள்ளைக் கோடுகள் அழுத்தினால் மறைந்து, நகத்தோடு நகராமல் நின்றால் அவை மியூர்க்கியின் கோடுகள். ரத்தத்தில் அல்புமின் குறைவா என்று பாருங்கள். நகத்தோடு நகரும், அழுத்தினாலும் மறையாத வெள்ளைப் பட்டை மீஸின் கோடு. ஆர்சனிக் நஞ்சு அதன் புகழ்பெற்ற காரணம். நகம் முழுதும் வெளுத்து நுனியில் மட்டும் குறுகிய பழுப்பு விளிம்பு இருந்தால் ஈரலையும், பாதி வெண்மை பாதி பழுப்பாக இருந்தால் சிறுநீரகத்தையும் நினையுங்கள். கரண்டி போல் குழிந்த நகம் இரும்புச்சத்துக் குறைவைக் காட்டலாம். கைக்குழந்தையின் கால்விரலில் அது இயல்பே. விரல்நுனி முரசுக்கோல் போல் உருண்டிருக்கிறதா என்று பார்க்க இரு கைகளின் அதே விரல் நகங்களையும் முதுகோடு முதுகாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நடுவில் வைர வடிவ இடைவெளி தெரியாவிட்டால் சந்தேகம் உறுதிப்படுகிறது. தன் விரல்களிலேயே இதைக் கவனித்து 1976இல் எழுதியவர் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஷாம்ராத்.

வலியோடு வருபவை பெரும்பாலும் நகச்சுற்று அல்லது தசைக்குள் வளர்ந்த நகம். ஆறு வாரத்தைத் தாண்டிய நகச்சுற்று நாள்பட்டது. அதில் நீரும் சோப்பும் தரும் எரிச்சலே முதல் குற்றவாளி. நகம் பார்க்க நன்றாக இருந்தும் குளிர்நீர் பட்டால் உயிர்போகும் வலி, ஊசிமுனை அளவு இடத்தில் மட்டும் தொட்டால் துடிப்பு என்றால் நகத்தடியில் வளரும் குளோமஸ் என்ற சிறு கட்டி. இவர்கள் பல மருத்துவர்களைப் பார்த்த பிறகே சரியான இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

பதிவு

"வலது கால் நகம் சொத்தை. பூஞ்சை." இப்படி ஒரு பதிவிலிருந்து எந்தக் குறியீட்டையும் நேர்மையாகப் போட முடியாது. அதே நகத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"வலது கால் பெருவிரல்: தட்டு தடித்து மஞ்சள் நிறம். வெளி ஓரத்திலிருந்து தட்டின் பாதிவரை பிரிந்துள்ளது, அடியில் செதில். பிரிவின் எல்லை கூரிய முனைகளுடன். குழிகள், எண்ணெய்த் துளி, நிறப் பட்டை இல்லை. மடிப்பு இயல்பு. மற்ற 19 நகங்கள் இயல்பு. நான்காம் விரல் இடுக்கில் தோல் உரிவு. 2 ஆண்டுகளாக உள்ளது, வலி இல்லை. எல்லைச் செதில் நுண்ணோக்கிக்கும், நகத்துண்டு பிஏஎஸ் சோதனைக்கும் அனுப்பப்பட்டன. கருத்து: பூஞ்சைத் தொற்று இருக்கலாம், முடிவு வரவில்லை."

எழுத ஒரு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். இதில் "இல்லை" என்று எழுதியவற்றுக்கும் மதிப்பு உண்டு. நாளைக்கு ஒரு பட்டை தோன்றினால் அது புதியது என்பதற்கு இந்த வரியே சாட்சி. கைவிரல்களை எண்ணால் குறிக்காதீர்கள். "இரண்டாம் விரல்" என்றால் ஒருவருக்கு ஆள்காட்டி விரல், கட்டைவிரலை எண்ணாதவருக்கு நடுவிரல். பெயரைச் சொல்லுங்கள், கால்விரல்களை மட்டும் பெருவிரலிலிருந்து எண்ணுங்கள். படம் எடுத்தால் ஒரு அளவுகோலும் பக்கத்து விரலும் சட்டத்துக்குள் வரட்டும். தனித்த நகத்தின் படம் ஆறு மாதம் கழித்து எந்த விரலுடையது என்றே தெரியாது. சொரியாசிஸ் நகங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் 2003இல் வந்த, நகச் சொரியாசிஸின் தீவிரத்தை அளக்கும் நாப்சி மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம்; ஒவ்வொரு நகத்தையும் நான்காகப் பிரித்து, வேருக்கு 4, படுக்கைக்கு 4 என நகத்துக்கு அதிகபட்சம் 8.

குறியீடு

ஐசிடி-10இல் நகக் கோளாறுகளின் வீடு எல் 60. தசைக்குள் வளர்ந்த நகம் எல் 60.0, தட்டு பிரிதல் எல் 60.1, ஆட்டுக்கொம்பு போல் தடித்து வளைதல் எல் 60.2, உருக்குலைவு எல் 60.3, போவின் கோடு எல் 60.4, மஞ்சள் நகக் கூட்டறிகுறி எல் 60.5, பிற கோளாறுகள் எல் 60.8, வகைப்படுத்தாதது எல் 60.9. மஞ்சளாக இருக்கும் எல்லா நகமும் எல் 60.5 அல்ல. அது கால் வீக்கமும் நுரையீரல் பாதிப்பும் சேர்ந்து வரும் ஓர் அரிய நோய். வெறும் நிறமாற்றத்துக்கு எல் 60.8.

பல நகநோய்கள் இந்த வீட்டில் குடியிருக்கவில்லை. நகப் பூஞ்சை பி 35.1, காண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை என்று உறுதியானால் பி 37.2. நகச்சுற்று எல் 03.0. முரசுக்கோல் விரல் ஆர் 68.3. சொரியாசிஸ் எல் 40, லைக்கன் பிளேனஸ் எல் 43 குடும்பங்களில். அடிபட்டு நகம் கெட்டால் கைவிரலுக்கு எஸ் 60.1, கால்விரலுக்கு எஸ் 90.2. பிறவிக் கோளாறுகள் க்யூ 84: நகமே இல்லாதது 84.3, பிறவி வெண்நகம் 84.4, பெருத்த நகம் 84.5, பிற 84.6. வேறு நோயின் பகுதியாக வரும் நக மாற்றங்களுக்கு எல் 62 உண்டு. அது தனித்து நிற்காது, மூலநோயின் குறியீடு முன்னால் வர வேண்டும்.

மேலே எழுதிய பெருவிரலுக்கு அன்றைக்கு என்ன போடுவது? ஐசிடி-10இன் அமெரிக்கப் பதிப்பான ஐசிடி-10-சிஎம்மின் புறநோயாளி விதி தெளிவாக இருக்கிறது: "இருக்கலாம்", "சந்தேகம்" என்று எழுதியதை உறுதியான நோயாகக் குறியிடக் கூடாது, அந்த வருகையில் உறுதியாகத் தெரிந்ததைத்தான் குறியிட வேண்டும். அந்த விதி பொருந்தாத இடங்களிலும் இதைக் கடைப்பிடிப்பது நல்லது என்பேன். தட்டு பிரிந்தது கண்ணால் கண்டது. ஆகவே எல் 60.1. திசுச் சோதனையில் பூஞ்சை இழைகள் தெரிந்தால் அடுத்த வருகையில் பி 35.1. விரல் இடுக்கிலும் தொற்று உறுதியானால் பி 35.3 தனியாகச் சேரும். எல் 60.3ஐ எல்லாவற்றையும் போட்டு வைக்கும் கூடையாக்குவதை மட்டும் தவிருங்கள். உருக்குலைவு என்று மருத்துவர் எழுதியிருந்தால், அல்லது நொறுங்கும் நகம், கரண்டி நகம் போன்றவை இருந்தால் அது பொருந்தும். இரும்புச்சத்துக் குறைவு உறுதியானால் அந்த ரத்தசோகையின் டி 50 குறியீடும் கூட வேண்டும்.

கறுப்புப் பட்டைக்குக் கூடுதல் கவனம் தேவை. பயாப்சி முடிவு வருமுன் அது எல் 60.8 மட்டுமே. "இன்னும் தெரியவில்லை" என்பதற்காக டி 48.5 போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்தக் குறியீடு, திசுவைப் பார்த்த பிறகும் அதன் போக்கைத் தீர்மானிக்க முடியவில்லை என்று நோயியல் நிபுணர் சொன்னால்தான் பொருந்தும். மெலனோமா உறுதியானால் நகத்துக்கென்று தனிக் குறியீடு கிடையாது. கைக்கு சி 43.6, காலுக்கு சி 43.7. தோலின் மேலடுக்கோடு நின்றிருந்தால் டி 03.6, டி 03.7.

வலமா இடமா என்பதைச் சிஎம் பதிப்பு சில இடங்களில் குறியீட்டுக்குள்ளேயே கேட்கிறது: வலது கைவிரல் நகச்சுற்று எல் 03.011, இடது எல் 03.012. எல் 60 குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. எல் 60.0 எந்தக் காலின் எந்த விரல் என்று சொல்லவே சொல்லாது. பதிவுதான் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சிகிச்சைக் குறியீடுகளில் நக எண்ணிக்கையும் முக்கியம்: 1 முதல் 5 நகங்களைச் செதுக்கினால் 11720, ஆறும் அதற்கு மேலும் என்றால் 11721. நகத்தை அகற்றுவது 11730, வேரோடு நிரந்தரமாக நீக்குவது 11750, நகப் பயாப்சி 11755. எத்தனை நகம், எந்த விரல், வேர் அழிக்கப்பட்டதா என்று மருத்துவர் எழுதாவிட்டால் குறியீட்டாளர் ஊகிக்கக் கூடாது, திரும்பக் கேட்க வேண்டும். கேட்பவர்மீது மருத்துவர் எரிந்து விழவும் கூடாது.

2022 ஜனவரி 1 முதல் ஐசிடி-11 நடைமுறைக்கு வந்துவிட்டது. நாடுகள் அவரவர் வேகத்தில் மாறுகின்றன. எந்தத் தேதியில் எந்தப் பதிப்பு என்பதைக் குறியீட்டோடு சேர்த்தே பதியுங்கள்.

சோதனை முடிவு வந்த அன்றே கோப்பைத் திறந்து நோய்ப் பட்டியலைத் திருத்துங்கள். பூஞ்சை இல்லை என்று வந்தால் பழைய வருகையின் வரியை அழிக்காமல், புதிய தேதியிட்டு "பிஏஎஸ் எதிர்மறை, பூஞ்சை மருந்து தொடங்கவில்லை" என்று சேருங்கள். மீண்டும் பார்க்கும் நாளை நகத்தின் வேகத்துக்கு ஏற்பக் குறியுங்கள்: கைநகத்துக்கு 3 மாதம், கால்நகத்துக்கு 6 மாதம், கறுப்புப் பட்டைக்கு மட்டும் அதைவிட முன்னதாக.